சோலைக்கிளியை அடையாளம் காண்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல், மூணாறு போன்ற உயரமான மலைப்பகுதிகளுக்குச் சென்று திரும்புகிறவர்கள் பறவை ஆர்வலர்களிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று பெரும்பாலும் இப்படி இருக்கும்: "காட்டுப் பாதையில் கருநீலமாக ஒரு சிறிய பறவை தரையில் தத்திக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதருக்குள் போய்விட்டது. என்ன பறவை அது?" பல நேரங்களில் விடை சோலைக்கிளி என்பதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த சோலைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இந்தப் பாடும் பறவையைப் பற்றிப் புதிதாகப் பறவை நோக்கத் தொடங்கியவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

நான் பார்த்தது சோலைக்கிளிதானா என்று எப்படி உறுதி செய்துகொள்வது?

நிறத்திலிருந்து தொடங்காதீர்கள். சோலைக்காட்டின் உள்ளே காலை ஏழு மணிக்கும் மாலை நேரத்து இருட்டுதான் இருக்கும். அந்த வெளிச்சத்தில் நீலம், சாம்பல், கரும்பழுப்பு எல்லாம் ஒன்றாகவே தெரியும். இடம், உயரம், நடத்தை ஆகிய மூன்றையும் முதலில் பார்த்துவிட்டு நிறத்துக்கு வருவதே சரியான வரிசை.

நீங்கள் நின்ற இடம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டருக்கு மேலே இருந்ததா? 1,400 மீட்டருக்கு மேல் என்றால் வாய்ப்பு இன்னும் கூடுதல். சுற்றிலும் இருந்தது பாசி படர்ந்த, முறுக்கேறிய, குட்டையான மரங்களைக் கொண்ட சோலைக்காடா, அல்லது அதன் ஓரமா? பறவை தரையிலோ, தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்குள்ளோ இருந்ததா? நடக்காமல் இரு கால்களாலும் தத்தித் தத்திச் சென்றதா? இவை எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தால், நிறத்தைப் பார்க்கும் முன்பே பெரும்பாலான மற்ற நீலப் பறவைகள் பட்டியலிலிருந்து விலகிவிடும். மரக்கிளையின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்து, காற்றில் பாய்ந்து பூச்சியைப் பிடித்துவிட்டு மீண்டும் அதே கிளைக்குத் திரும்பிய பறவை என்றால் அது ஈப்பிடிப்பான் வகைகளில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

உருவம் எப்படி இருக்கும்?

அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை 14 முதல் 15 சென்டிமீட்டர், அதாவது ஊர்க்குருவியின் நீளம். ஆனால் ஊர்க்குருவியைவிட உருண்டையாகவும், கால்கள் குறிப்பிடத்தக்க அளவு நீண்டும் தெரியும். வால் சற்றுக் குட்டை. சிறகுகள் வட்டமாக முடியும். தொலைதூரம் பறக்கும் பறவையின் சிறகு அல்ல, அடர்ந்த புதருக்குள் அங்கிருந்து இங்கே தாவும் பறவையின் சிறகு.

தலை, முதுகு, தொண்டை, மார்பு எல்லாம் சிலேட்டுப் பலகையின் நிறம் கலந்த கருநீலம். அலகுக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட பகுதி கறுப்பு. அதற்கு மேலே நெற்றியிலிருந்து வெளிர்ந்த புருவக் கோடு ஒன்று தொடங்கும். வயிற்றின் நடுப்பகுதி வெண்மை. நிழலில் முதலில் கண்ணில் படுவது இந்த வெண்மைதான். பறவை முதுகைக் காட்டி நின்றால் கறுப்பாக ஏதோ தத்துவது போலவே தோன்றும்.

சோலைக்கிளியில் எத்தனை வகை? எப்படிப் பிரித்தறிவது?

நீலகிரிச் சோலைக்கிளி, வெண்வயிற்றுச் சோலைக்கிளி என இரண்டு இனங்கள் பொதுவாக ஏற்கப்பட்டுள்ளன. அறிவியல் பெயர்கள் முறையே சோலிகோலா மேஜர், சோலிகோலா ஆல்பிவென்ட்ரிஸ்.

பிரித்தறிவதற்கான எளிய வழி வரைபடம். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, அதாவது நீலகிரியிலும் அங்கிருந்து வடக்கே பிரம்மகிரி, பாபாபுதன் மலை வரையிலும் காணப்படுவது நீலகிரிச் சோலைக்கிளி. கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பழனிமலை, மூணாறை ஒட்டிய உயர்மலைகள், ஏலமலை ஆகிய இடங்களில் இருப்பது வெண்வயிற்றுச் சோலைக்கிளி. இரண்டும் ஒரே மலையில் சேர்ந்து வாழும் இடம் இல்லை. ஆகவே கோத்தகிரியில் பார்த்தவருக்கும் கொடைக்கானலில் பார்த்தவருக்கும் இனத்தைப் பற்றிய ஐயம் எழ வேண்டியதில்லை.

உடலைக் கொண்டும் பிரிக்கலாம். நீலகிரிச் சோலைக்கிளியின் விலாப் பகுதி, அதாவது சிறகுக்குக் கீழே வயிற்றின் இருபுறமும், செம்பழுப்பாக இருக்கும். புருவக் கோடு மங்கலானது. வெண்வயிற்றுச் சோலைக்கிளிக்கு விலாவில் செம்பழுப்பே கிடையாது, அங்கும் சிலேட்டு நீலம்தான். புருவம் இன்னும் தெளிவாக, நெற்றிப் பக்கம் வெளுத்துத் தெரியும். செம்பழுப்பு விலாவைக் காண்பதில் ஒரு சிக்கல் உண்டு. பறவை நேராக உங்களைப் பார்த்து நிற்கும்போது விலா நிழலில் கறுத்துப்போய் வெண்மையான வயிறு மட்டும் தெரியும். அது பக்கவாட்டில் திரும்பி, இலைச்சருகைப் புரட்டக் குனியும் கணத்தில் சிறகின் கீழ் விளிம்பை ஒட்டி அந்தச் செம்மை வெளிப்படும். அந்தக் கணத்துக்காகக் காத்திருங்கள்.

தெற்கே மூன்றாவதாக ஓர் இனம் உண்டு என்று படித்தேன். சரியா?

செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலையை உள்ளடக்கிய அசம்பு மலைகளில் வாழும் சோலைக்கிளிகள் மரபணு அடிப்படையில் தனித்து நிற்கின்றன என்று 2017இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அவற்றுக்குச் சோலிகோலா அசம்புவென்சிஸ் என்ற பெயரும் சூட்டப்பட்டது. பரவலாகப் பயன்படும் பட்டியல்கள் அவற்றை வெண்வயிற்றுச் சோலைக்கிளியின் துணையினமாக வைத்திருக்கின்றன. அந்த மலைகளில் பார்த்தால் இடத்தைத் துல்லியமாகக் குறித்துவையுங்கள். பெயர் எப்படி மாறினாலும் குறிப்பின் மதிப்பு குறையாது.

எந்தப் பறவைகளோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு உள்ளது?

நடைமுறையில் அதிகமாகக் குழப்புவது வெண்வயிற்று நீல ஈப்பிடிப்பான். இதன் ஆண் பறவைக்கும் நீல மார்பு, வெண்மையான வயிறு. படத்தில் மட்டும் பார்த்தால் வெண்வயிற்றுச் சோலைக்கிளி என்றே தோன்றும். ஆனால் இந்த ஈப்பிடிப்பான் பெரும்பாலும் மலைச்சரிவின் கீழ்ப்பகுதியிலும் நடுப்பகுதியிலும் உள்ள பசுமைமாறாக் காடுகளில் வாழ்வது. கால்கள் குட்டை. அலகு ஒப்பீட்டளவில் பெரியது. தாழ்வான கிளையில் நிமிர்ந்து அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதன் பெண் பறவைக்குத் தொண்டையும் மார்பும் செம்மஞ்சளாக இருக்கும். அருகில் இணை இருந்தால் ஐயம் தீர்ந்துவிடும். சோலைக்கிளியின் இணை இரண்டும் ஏறத்தாழ ஒரே தோற்றம் கொண்டவை.

அடுத்து நீல ராபின். இமயமலையில் இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கைக்கும் வலசை வரும் பறவை இது. தரையில் தத்தும், புதர் நிழலை விரும்பும், ஆண் பறவைக்கு மேலே நீலமும் வெண்மையான புருவமும் உண்டு. இத்தனை ஒற்றுமைகள் இருப்பதால் நீலகிரியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் தவறு நேர்வது இயல்பு. தொண்டையைப் பாருங்கள். நீல ராபினின் தொண்டையும் மார்பும் ஆரஞ்சுச் சிவப்பு. நீலகிரிச் சோலைக்கிளியின் செம்மை விலாவோடு நின்றுவிடும், தொண்டையும் மார்பும் நீலமாகவே இருக்கும். பெண் நீல ராபின் மேலே பழுப்பு நிறம் என்பதால் அதில் குழப்பம் வராது. ஜூன் மாதத்தில் சோலைக்குள் தரையில் நீலப் பறவையைப் பார்த்தால் நீல ராபினைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம்; அப்போது அது இமயமலையில் இருக்கும்.

நீலகிரி ஈப்பிடிப்பானும் இதே சோலைகளில் வாழும் ஓரிடவாழ்விதான், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் எளிதாகக் கண்ணில் படுவது. ஆனால் அது உடல் முழுவதும் நீலம் பரவியது. வயிற்றில் சற்று வெளிறினாலும் மார்பு நீலத்துக்கும் வெண்மைக்கும் இடையே கூர்மையான எல்லை இருக்காது. மேலும் அது மரங்களின் நடுவிலும் உச்சியிலும், வெளிச்சம் படும் கிளைகளிலும் அமரும். கறுப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் சோலைக்கிளியைப் போலவே அடித்தூறில், தரைக்கு அருகில் திரியும். ஆனால் அதன் ஆரஞ்சு நிறம் எந்த இருட்டிலும் காட்டிக்கொடுத்துவிடும். சீகாரப் பூங்குருவி கருநீலமானது என்றாலும் மைனாவைவிடப் பெரியது, பெரும்பாலும் ஓடைக்கரையில் இருப்பது. அளவைக் கவனித்தவர் அதை ஒருபோதும் சோலைக்கிளி என்று சொல்ல மாட்டார்.

ஆணையும் பெண்ணையும் பிரித்தறிய முடியுமா? இளம் பறவை எப்படி இருக்கும்?

வெளித்தோற்றத்தைக் கொண்டு களத்தில் நம்பகமாகச் சொல்ல முடியாது. வலையில் பிடித்து, சிறகையும் காலையும் அளந்து, மரபணுச் சோதனையும் செய்துதான் ஆய்வாளர்கள் பாலைத் தீர்மானித்திருக்கிறார்கள். ஒரு படத்தைக் காட்டி "இது ஆண்" என்று உறுதியாகச் சொல்கிறவரின் கூற்றை ஏற்கத் தயங்குவதே நல்லது. இளம் பறவைகளுக்குப் பெரியவற்றின் நீலம் இருக்காது. பழுப்பு மேனியில் வெளிர்ப் புள்ளிகளும் கோடுகளுமாக இருக்கும். கோடைக்காலத்தின் முடிவில் சோலை ஓரத்தில் இப்படி ஒரு புள்ளிக்குருவி தத்தினால், அருகில் பெரிய பறவை இரை கொண்டுவருகிறதா என்று சற்று விலகி நின்று பாருங்கள்.

குரலை வைத்து அடையாளம் காண முடியுமா?

பழகியவர்களுக்குக் கண்ணைவிடக் காதே அதிகம் உதவும். சோலைக்கிளி கண்ணில் படாமல் பாடும் பறவை. உயர்ந்த சுருதியில் மெல்லிய சீழ்க்கை ஒலிகள், அவற்றினிடையே கரகரப்பான, ரீங்காரம் கலந்த ஒலிகள் எனக் கோத்துக் கோத்து நீண்ட நேரம் பாடும். ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சொல்வதில்லை. ஒலிகளின் வரிசை மாறிக்கொண்டே இருக்கும். சோலையில் வாழும் வேறு பறவைகளின் குரல் துணுக்குகளும் அதில் வந்துபோகும். இதனால்தான் முதல் முறை கேட்பவர் இரண்டு மூன்று பறவைகள் ஒரே புதரில் இருப்பதாக எண்ணிவிடுகிறார். ஒலி எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து, அதுவும் தரைக்கு அருகிலிருந்து வருகிறதா என்று கவனியுங்கள். ஆபத்தை உணர்ந்தால் இனிமை போய்விடும். கரகரவென்று கடுமையான எச்சரிக்கை ஒலி எழுப்பும்.

மலைக்கு மலை பாட்டு மாறுகிறது என்பது ஆய்வில் தெரியவந்த செய்தி. ஆழமான கணவாய்களால் மிகப் பழங்காலத்திலேயே பிரிந்துபோன கூட்டங்களுக்கு இடையிலும் பாட்டில் வேறுபாடு உண்டு, அண்மைக் காலக் காடழிப்பால் துண்டிக்கப்பட்ட கூட்டங்களுக்கு இடையிலும் உண்டு. ஆனால் பாட்டின் எந்தக் கூறு மாறுகிறது என்பது இரண்டிலும் ஒன்றல்ல. ஆகவே ஆனைமலையில் பதிவான ஒலியைக் கேட்டுப் பழகிவிட்டு நீலகிரியில் அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் போன்ற கைபேசிச் செயலிகள் தரும் பெயரை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, பறவையைப் பார்த்த பின்னரே முடிவுக்கு வாருங்கள்.

எங்கே, எப்போது போனால் பார்க்கலாம்?

நீலகிரிச் சோலைக்கிளிக்கு ஊட்டியில் தொட்டபெட்டா, கெய்ர்ன்ஹில் பகுதிச் சோலைகளும் கோத்தகிரியில் லாங்வுட் சோலையும் நல்ல இடங்கள். வெண்வயிற்றுச் சோலைக்கிளிக்குக் கொடைக்கானலின் பம்பாய்ச் சோலை, வட்டக்கானல் பகுதி, மூணாறுக்குக் கிழக்கே பாம்பாடும் சோலை ஆகியவற்றைச் சொல்லலாம். வால்பாறைக்கு மேலே உள்ள புல்மலை இந்தப் பறவையைப் பற்றிய முதன்மையான ஆய்வுகள் சில நடந்த இடம். ஆனால் அது ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறையின் அனுமதியின்றிப் போக முடியாது. மற்ற இடங்களிலும் நுழைவு விதிகள் அவ்வப்போது மாறுவதால் அங்குள்ள வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இது வலசை போகும் பறவை அல்ல. ஆண்டு முழுவதும் அதே மலையில்தான் இருக்கும். பாட்டு மிகுந்திருப்பது கோடைக்கால இனப்பெருக்கப் பருவத்தில். நாளில் இரண்டு வேளை முக்கியம்: விடிந்த உடனான முதல் ஒரு மணி நேரம், மாலையில் வெளிச்சம் மங்கத் தொடங்கும் நேரம். இந்த இரண்டு வேளைகளிலும் சோலைக்கிளி புதரை விட்டு வெளியே வந்து, ஒற்றையடிப் பாதையிலும் பாதையோர வடிகாலிலும் இரை தேடும். நண்பகலில் அதே பாதையில் மணிக்கணக்காக நடந்தாலும் இறகைக்கூடப் பார்க்க முடியாது.

நடந்து தேடுவதைவிட நின்று காத்திருப்பது பலன் தரும். பாதை வளையும் இடத்தில், முதுகுக்குப் பின்னால் ஒரு மரம் இருக்கும்படி நின்றுகொண்டு, வளைவின் மறுபுறத் தரையைப் பாருங்கள். முதலில் சருகு அசையும் சிறு ஓசை கேட்கும். பிறகு பறவை பாதையின் ஓரத்துக்கு வந்து நிற்கும், சில தத்தல்கள், ஒரு நிறுத்தம், மீண்டும் சில தத்தல்கள். இருநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் கை அசைவே அதை விரட்டப் போதுமானது என்பதால், ஓசை கேட்டவுடனேயே இருநோக்கியைத் தூக்கி வைத்துக்கொள்வது அனுபவசாலிகளின் பழக்கம்.

என்ன சாப்பிடும்?

முக்கிய உணவு பூச்சிகளும் அவை போன்ற சிற்றுயிர்களும். சோலையின் தரையில் மட்கிக்கொண்டிருக்கும் இலைகளின் அடுக்கு எப்போதும் ஈரமாக இருக்கும். அதற்குள் பூச்சிகளும் அவற்றின் புழுக்களும் நிறைந்திருக்கும். சோலைக்கிளி அலகால் சருகைப் புரட்டி அவற்றைப் பொறுக்கும். விழுந்து கிடக்கும் பாசி பிடித்த மரத்தின் மேல் ஏறி, சுற்றிலும் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி இரையைக் கொத்துவதும் உண்டு. தரையைச் சுத்தமாகப் பெருக்கிவைத்த பூங்காவில் இது வராததற்குக் காரணம் இதுதான். சருகு இல்லாத தரையில் இந்தப் பறவைக்கு உணவு இல்லை.

கூடு எங்கே கட்டும்? எத்தனை முட்டை?

மரத்தின் அடிப்பகுதிப் பொந்திலோ, மண்சரிவிலும் பாதையோர மேட்டிலும் உள்ள குழியிலோ, பாசியையும் மெல்லிய வேர்களையும் கொண்டு கூடு அமைக்கும். பெரும்பாலும் தரையிலிருந்து எட்டிவிடும் உயரத்தில்தான் இருக்கும். பொதுவாக இரண்டு முட்டைகள். இனப்பெருக்கக் காலம் மார்ச்சில் தொடங்கி ஜூன் வரை, அதாவது தென்மேற்குப் பருவமழை வலுக்கும் வரை நீளும்.

இரண்டே முட்டைகள், அதுவும் தாழ்வான இடத்தில் என்பதால் ஒரு கூடு கலைந்தால் அந்த இணைக்கு இழப்பு பெரிது. கூட்டைக் கண்டுவிட்டால் படம் எடுக்க நிற்காமல், கிளையை விலக்காமல், உடனே அங்கிருந்து விலகிச் செல்ல வேண்டும் என்று இதைப் படிக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். அந்த இடத்தை மற்றவர்களுக்குச் சொல்வதும் கூடாது.

ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு ஏன் இது போவதில்லை?

சோலைக்கிளியின் கதையில் ஆழமான பகுதி இது. சோலைக்காடு என்பது மலையுச்சியை ஒட்டிய பள்ளத்தாக்குகளில், புல்வெளிகளுக்கு நடுவே திட்டுத் திட்டாக வளர்வது. கீழே இறங்க இறங்கக் காட்டின் தன்மை மாறிவிடும், வெப்பம் கூடிவிடும். ஆகவே ஒவ்வோர் உயர்மலையும் இந்தப் பறவைக்கு ஒரு தீவு. இடையிலுள்ள தாழ்நிலம்தான் கடல். ஆய்வாளர்கள் இம்மலைகளை வானத்தீவுகள் என்றே குறிப்பிடுகிறார்கள். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே உள்ள பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமானது. அங்கே மலைத்தொடர் சமவெளிக்கு அருகில் வரை இறங்கிவிடுகிறது. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவின் குளிர்ந்த சோலையில் வாழும் தரைப்பறவை அந்த வெப்பமான தாழ்வைக் கடப்பதில்லை. செங்கோட்டைக் கணவாய் அதைவிடக் குறுகலானது, ஆனாலும் அதுவும் தடையாகவே இருந்து வந்திருக்கிறது.

கணவாயின் இருபுறமும் உள்ள பறவைகளின் மரபணுவை ஒப்பிட்டபோது, அவை மனிதர் இந்த மலைகளுக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே பிரிந்துவிட்டன என்பது புலப்பட்டது. அதே ஆய்வுத் தொடரில் கவலை தரும் இன்னொரு செய்தியும் உண்டு. ஒரே மலைத்தொகுதிக்குள், முன்பு தொடர்ச்சியாக இருந்த சோலைகள் தோட்டங்களாலும் குடியிருப்புகளாலும் துண்டிக்கப்பட்ட இடங்களில், சோலைக்கிளிக் கூட்டங்களுக்கிடையே மரபணுப் பரிமாற்றம் குறைந்திருக்கிறது. கணவாய்கள் நெடுங்காலம் எடுத்துச் செய்த வேலையைச் சில தலைமுறைகளில் நாம் தொடங்கிவைத்திருக்கிறோம்.

பழைய நூல்களில் வேறு பெயர்கள் உள்ளனவே?

உண்மை. நீலகிரிப் பறவையை 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அறிவியல் உலகுக்கு விவரித்தவர் சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய தாமஸ் ஜெர்டன். பழனிமலைப் பறவையை 1868இல் வில்லியம் பிளான்ஃபோர்டு விவரித்தார். பின்னர் இரண்டும் ஒரே இனத்தின் துணையினங்களாகக் கருதப்பட்டு நீண்ட காலம் பிராக்கிடெரிக்ஸ் என்ற பேரினத்தில் இருந்தன. இந்த நூற்றாண்டில் தனி இனங்களாகப் பிரிக்கப்பட்டு மையோமேலா என்ற பேரினத்துக்குச் சென்றன. இவ்விரு பேரினங்களின் மற்ற உறுப்பினர்கள் இமயமலையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழ்பவை. 2017இல் வி. வி. ராபின், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி உள்ளிட்ட ஆய்வுக்குழு மரபணு ஆதாரத்துடன், இவை அந்தப் பேரினங்கள் எதையும் சேர்ந்தவை அல்ல, ஈப்பிடிப்பான்களின் ஒரு கிளைக்கு நெருக்கமான தனிப் பரம்பரை என்று காட்டி, சோலிகோலா என்ற புதிய பேரினத்தை உருவாக்கியது. சோலைச் சிரிப்பான்கள் எனப்படும் வேறு சோலைப் பறவைகளுக்கும் அதே ஆய்வுக் கட்டுரையில்தான் புதிய பேரினம் அமைக்கப்பட்டது. பெயரில் கிளி என்று இருந்தாலும் கிளிக் குடும்பத்தோடு இதற்கு எந்தத் தொடர்பும் இல்லை.

அழியும் நிலையில் உள்ளதா?

உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் நீலகிரிச் சோலைக்கிளி அருகிவரும் இனமாகவும், வெண்வயிற்றுச் சோலைக்கிளி அழிவாய்ப்புள்ள இனமாகவும் வகைப்படுத்தப்பட்டுள்ளன. உரிய சோலையில் போய் நின்றால் இதைப் பார்ப்பது அரிதல்ல. அதனால் நிறைய இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. அந்தச் சோலைகளே மிகச் சிறிய பரப்பு.

தேயிலைத் தோட்டம், காய்கறி விவசாயம், நீர்மின் அணைகள், சுற்றுலா விடுதிகள் என ஒவ்வொன்றும் சோலைகளிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொண்டன. விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் நட்ட சீகை மரங்களும் தைல மரங்களும் மலையின் முகத்தையே மாற்றிவிட்டன. புதிதாக வருகிறவர்கள் இப்படி நட்டு வளர்த்த சீகைத் தோப்பைப் பார்த்துவிட்டு "நல்ல அடர்ந்த காடு" என்று மகிழ்வதைக் கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது.

எங்கள் வீடு சோலையை ஒட்டி இருக்கிறது. நாங்கள் என்ன செய்யலாம்?

முடிந்தவரை ஓரத்தைத் தொடாமல் விடுங்கள். சோலைக்கும் தோட்டத்துக்கும் இடைப்பட்ட நாலைந்து அடிப் புதரை வெட்டிச் சீராக்குவதுதான் பலர் முதலில் செய்யும் வேலை. அந்தப் புதர்தான் சோலைக்கிளி இரை தேட வெளியே வருவதற்கான மறைவு. சருகுகளைப் பெருக்கி எரிக்க வேண்டாம். பூச்சிக்கொல்லியைச் சோலை ஓரத்தில் தெளிக்க வேண்டாம். பூனை இருந்தால் விடியற்காலையிலும் அந்தியிலும் வீட்டுக்குள் வைத்திருங்கள். தரையில் இரை தேடும் சிறு பறவைக்குப் பூனை கொடிய எதிரி. மரம் நட விரும்பினால் நர்சரியில் கிடைக்கும் அலங்கார மரங்களை விட்டுவிட்டு, அதே மலையின் சோலை மரக் கன்றுகளை வளர்ப்பவர்களிடம் கேட்டு நடுங்கள். நீலகிரியிலும் பழனிமலையிலும் அப்படிப்பட்ட நாற்றங்கால்கள் இருக்கின்றன.

கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கலாமா?

கூடாது. சோலைக்கிளி தன் எல்லையைக் காக்கும் பறவை. பதிவுசெய்த பாட்டு ஒலித்தால், வேறொரு பறவை எல்லைக்குள் புகுந்துவிட்டதாக எண்ணி அது வெளியே வரும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அது இரை தேடவில்லை, முட்டையைக் கவனிக்கவில்லை, பருந்தினத்தின் கண்ணுக்கும் எளிதாகப் படுகிறது. லாங்வுட் சோலை, பம்பாய்ச் சோலை போன்ற இடங்களுக்கு வார இறுதியில் எத்தனையோ குழுக்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு முறை ஒலிக்கவிட்டாலும் அந்தப் பாதையோர இணைக்கு ஓய்வே இருக்காது. வழிகாட்டி தாமாகவே ஒலிக்கவிட முனைந்தால் வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

படம் எடுத்தால் நிறம் தவறாக வருகிறது. என்ன செய்வது?

இருட்டில் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டுவதால் சிலேட்டு நீலம் பளிச்சென்ற நீலமாகிவிடும், வெண்வயிறு வெளுத்துப்போய் விலாவின் எல்லை தெரியாமல் போகும். வெளிச்ச அளவைச் சற்றுக் குறைத்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். அழகான ஒரு படத்தைவிட, பக்கவாட்டில் விலாவைக் காட்டும் மங்கலான படம் அடையாளத்துக்கு அதிகம் பயன்படும்.

ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுந்த பறவையை எப்படிக் கவனிப்பது?

சோலையை ஒட்டிய கட்டடங்களில் இது நடக்கக்கூடியதுதான். மென்மையாக எடுத்து, காற்றுத்துளைகள் இட்ட அட்டைப்பெட்டியில், அடியில் துணி விரித்து, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், உணவும் கொடுக்காதீர்கள். மயக்கம் மட்டும்தான் என்றால் பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் தெளிந்துவிடும். பெட்டிக்குள் அசையும் ஓசை கேட்டதும் விழுந்த இடத்துக்கு அருகிலேயே, சோலை ஓரத்தில் திறந்துவிடுங்கள். சிறகு தொங்கினாலோ இரத்தம் வந்தாலோ உடனே வனத்துறைக்குத் தெரிவியுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம், பறவையும் பிழைக்காது.

பார்த்ததை எங்கே, எப்படிப் பதிவு செய்வது?

பறவை நோக்கர்கள் தாங்கள் பார்த்தவற்றைப் பதியும் ஈபேர்டு இணையதளத்தில் பட்டியலாகப் பதிவிடலாம். உங்கள் மலைக்கு உரிய இனத்தின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். பெயரோடு நிறுத்தாமல், இடத்தின் உயரம், காட்டின் வகை, நேரம், பறவை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது, விலாவின் நிறம் தெரிந்ததா, பாடியதா என்பவற்றையும் இரண்டு வரியில் எழுதுங்கள். 1,000 மீட்டருக்குக் கீழே பார்த்ததாகத் தோன்றினாலும், சீகைத் தோப்பின் நடுவில் பார்த்தாலும் அவசியம் விவரமாக எழுத வேண்டும். அது தவறான அடையாளமாக இருக்கலாம், அல்லது இந்தப் பறவை எந்த வகை நிலத்தைக் கடந்து அடுத்த சோலைக்குப் போகிறது என்பதைக் காட்டும் அரிய சான்றாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்பதைச் சரிபார்ப்பவர் தீர்மானிக்க உங்கள் குறிப்பு மட்டுமே துணை. ஐயம் தீரவில்லை என்றால் இனத்தின் பெயரை ஊகித்து இடாமல், "அடையாளம் தெரியாத ஈப்பிடிப்பான் குடும்பப் பறவை" என்று பதிவிட்டுவிட்டு, படமோ ஒலிப்பதிவோ இருந்தால் அதோடு இணைத்துவிடுங்கள்.